ஒரே தட்டும் ஒரு பாட்டில் கலரும்

லண்டனில் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பி ஒருவன் படம் அனுப்பியிருந்தான். எத்தியோப்பிய உணவகம். மேசை நடுவே சுளகு அகலத்தில் ஒரே தட்டு. அது முழுக்க விரித்த இஞ்ஜெரா. டெஃப் என்கிற பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்துச் சுடுவது. நம் ஆப்பத்துக்குப் பங்காளி முறை. மேலே கோழிக் குழம்பு, மசூர்ப் பருப்பு. ஐந்து பேர், ஐந்து கை. பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவதோடு பக்கத்தில் இருப்பவர் வாயிலும் ஊட்டிவிடுகிறார்கள். அதற்கு குர்ஷா என்று பெயர். "இதுதாண்ணே சமத்துவம்" என்று எழுதியிருந்தான்.

தம்பி நல்ல பையன்தான். ஆனால் அவன் வீட்டை எங்களுக்குத் தெரியும். சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணிப் பாசனத்தில் வயல் உள்ள குடும்பம். எங்கள் தெருக் கல்யாணத்துக்கு அவன் அப்பா வருவார். மொய் எழுதுவார். பந்திக்குக் கூப்பிட்டால், "வேண்டாம்டே, சுகர் இருக்கு" என்பார். மூடி திறக்காத கலர் பாட்டிலை நீட்டினால் மட்டும் வாங்கி முழுசாகக் குடிப்பார். அதில் சுகர் ஏறாது போல.

அதே சேரன்மகாதேவியில்தான் 1922இல் வ.வே.சு. ஐயர் குருகுலம் தொடங்கினார். காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, 5,000 கொடுத்தது. ஊர்ப் பணத்தில் நடந்த அந்த இடத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள். விவகாரம் காந்தி வரை போனது. சரியான சண்டை அது. நாங்கள் அதைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தத் தனிப் பந்தியை இன்றும் மேடையில் வைத்துத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் எங்கள் வீட்டு இலையில் கை நனைத்திருக்கிறார்கள்? தனக்கு மேலே இருப்பவன் ஒதுக்கினால் அவமானம், தான் கீழே ஒதுக்கினால் ஊர் வழக்கமா?

பழைய கதை என்பீர்கள். 2023 செப்டம்பர். எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி. மதுரை உசிலம்பட்டி இல்லை, நம் பழைய நெல்லை மாவட்டத்து ஊர். அரசுப் பள்ளியில் காலை உணவு சமைத்தவர் தலித் பெண். பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். அமைச்சரும் எம்.பி.யும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு கரண்டி பொங்கல் பிள்ளை வாய்க்குப் போக அரசாங்கமே இறங்கி வர வேண்டிய நாட்டில் இருந்துகொண்டு நாம் குர்ஷாவைப் புகழ்கிறோம்.

அந்த எத்தியோப்பியாவையும் தம்பி முழுசாகப் பார்க்கட்டும். தென்மேற்கில் கஃபா என்றொரு பகுதி, காபியின் தாயகம் என்பார்கள். அங்கே மன்ஜோ என்ற மக்கள். வேட்டையாடிப் பிழைத்தவர்கள், விறகும் கரியும் விற்பவர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் தின்கிறவர்கள், அசுத்தமானவர்கள் என்று சொல்லி மற்றவர்கள் அவர்களோடு ஒரு தட்டில் உண்பதில்லை, வீட்டுக்குள் விடுவதில்லை, பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. கடையில் ஏதாவது கொடுத்தாலும் வெளியே வைத்து, தனிப் பாத்திரத்தில் அல்லது இலையில். மாட்டுக்கறியைச் சாக்காகச் சொல்லி எங்கள் கையில் சிரட்டையைக் கொடுத்த டீக்கடைகள் ஞாபகம் வருகிறதா? தட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைச் சுற்றி யாரை உட்கார விடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

லண்டனில் அந்தத் தட்டில் கை வைக்கத் தம்பிக்கு பில்லைத் தவிர வேறு செலவில்லை. அங்கே சொந்தக்காரன் பார்க்க மாட்டான், ஊர்க் கூட்டத்தில் பேச்சு வராது, தங்கச்சிக்கு வரன் தட்டிப்போகாது. இங்கே அத்தனையும் உண்டு. தெரிந்துதான் கேட்கிறோம்.

ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். தம்பி லீவில் வருகிறானாம். அவனுக்கும் அப்பாவுக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. ஆட்டுக்கறிச் சோறு, எங்கள் அம்மாக்கள் சமையல். இந்தத் தடவை கலர் வாங்கி வைக்கப் போவதில்லை.