கண்ணுக்குத் தெரியாத காவல்

கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரின் தல வரலாறு ஒரு சொக்கட்டான் ஆட்டத்தில் தொடங்குகிறது. கயிலையில் அம்மையும் அப்பனும் காய் உருட்டி ஆடினர். ஒவ்வோர் ஆட்டத்திலும் அம்பிகையே வென்றாள். ஆயினும், வென்றவர் தாமே என்று இறைவன் விளையாட்டாகச் சொல்ல, அம்பிகை ஊடல் கொண்டு அவர் கண்களைப் பொத்தினாள். உலகங்கள் இருண்டன. அதற்குக் கழுவாயாகப் பூவுலகுக்கு வந்த அம்பிகை, பாதிரி மரங்கள் சூழ்ந்த இத்தலத்தில் தவம் புரிந்து பாடலீசுவரரை அடைந்தாள் என்பது புராணம்.

பிரிந்த நாயகனை மீண்டும் அடைய அவள் காயை உருட்டவில்லை, தவத்தையே நாடினாள். லாட்டரிச் சீட்டு தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. அதன் பின்னர் கைபேசியில் பணம் வைத்தாடும் ஆட்டங்கள் வந்து பல குடும்பங்களை வாட்டின. அதிர்ஷ்டத்தை நம்பி இழந்ததை அதிர்ஷ்டத்தாலேயே மீட்கலாம் என்ற எண்ணமே அந்த வலையின் முடிச்சு.

அதிர்ஷ்டம் என்ற சொல்லின் மூலம் வடமொழியின் 'அத்ருஷ்டம்'. 'த்ருஷ்டம்' என்றால் காணப்பட்டது. 'அத்ருஷ்டம்' என்றால் காணப்படாதது. ஒரு செயலைச் செய்து முடித்ததற்கும் அதன் பயன் வந்து சேர்வதற்கும் இடையே, கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் ஆற்றலையே சாஸ்திரங்கள் இப்பெயரால் குறித்தன. காரணமின்றி வருவது என்று அதற்குப் பொருள் இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே பொருள்.

திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினர். அஞ்செழுத்தை ஓதிய அவருக்கு அந்தக் கல்லே தெப்பமாயிற்று. அவர் வந்தடைந்த இடம் கடலூருக்கு அருகே 'கரையேறவிட்ட குப்பம்' என்று இன்றும் வழங்குகிறது.

அதே கடற்கரையில், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனப் பெருவிழாக் காலம். அப்பரைக் கரை சேர்த்த கடல் என் பிள்ளையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கும் தாய்க்கு, 'அவனுக்கு அதிர்ஷ்டம் இல்லை', 'முன்வினை' என்று பதில் சொல்வது பக்தி ஆகாது. சூலை நோய், நீற்றறை, நஞ்சு, மதயானை, கடல் என்று அத்தனை துன்பமும் வந்தது அடியாருள் தலையாய அப்பருக்கே அல்லவா? துன்பம் வந்ததைக் கொண்டு ஒருவரது புண்ணிய பாவத்தை அளக்க எவருக்கும் உரிமை இல்லை.

அந்த நாளில் சில ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. அதையும் பலர் அதிர்ஷ்டம் என்றே சொன்னார்கள். ஆனால் அங்கும் ஒரு காரணம் இருந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு இருக்கிறது. காட்டுக்கு முன்னே, கடலை ஒட்டிய மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பேரழிவைக் கண்டது. காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வும், மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்ததை எடுத்துக்காட்டியது.

அந்தக் காடு தானாகவே நிலைத்து நின்றுவிடவில்லை. 1990-களில் வனத்துறையினரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஊர் மக்களும் சேர்ந்து, பாழ்பட்டிருந்த பகுதிகளில் வாய்க்கால் வெட்டிக் கன்றுகளை நட்டனர். சேற்றில் இறங்கி நட்ட எவரும் ஆழிப்பேரலையை நினைத்து நடவில்லை. செய்த செயல் கண்ணுக்குத் தெரியாமல் நின்று, உரிய வேளையில் பயன் தந்தது. அத்ருஷ்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் காட்டில் வளரும் மரங்களுள் ஒன்று தில்லை. ஆடல்வல்லான் கோயிலின் தலமரம் அதுவே. சிதம்பரத்தின் பழம்பெயரும் அதுவே. நகருக்குள் அரிதாகிவிட்ட தில்லை, கடலோரத்தில் காவலாக நிற்கிறது.

தரிசனத்துக்குச் செல்லும் பெரியோர்கள், பேரப்பிள்ளைகளைப் பிச்சாவரத்துக்கும் அழைத்துச் சென்று அந்த மரத்தைக் காட்டலாம். "எனக்கு அதிர்ஷ்டமே இல்லை, தாத்தா" என்று தேர்விலோ ஆட்டத்திலோ தோற்ற பிள்ளை சொல்லும்போது, சேற்றில் கன்று நட்டவர்களின் கதையை அவனுக்குச் சொல்லலாம்.