கம்பெனி ஆராய்ச்சியும் கடைமடை நிலங்களும்

அயல்நாட்டு விதைக் கம்பெனிகள் ஆராய்ச்சி முழுவதையும் தம் நாட்டிலேயே நடத்தாமல், பெங்களூரிலும் ஐதராபாத்திலும் நிலையங்கள் அமைத்தும், உள்நாட்டு ஸ்தாபனங்களிடம் ஒரு பகுதியை ஒப்படைத்தும் வருகின்றன. ஆராய்ச்சி அருகே வந்துவிட்டபடியால் அதன் பலனும் தானே நம்மை வந்தடையும் என்று சிலர் எண்ணுகின்றனர். மணமேல்குடி வட்டாரத்தில் விவசாய உத்தியோகம் பார்க்கும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இவ்வட்டாரம் கல்லணைக் கால்வாயின் கடைமடையாகும். கடலை அடுத்த வயல்களில் உவர் மிகுதி. சென்ற ஆண்டு ஒரு குடியானவர் அதிக விலை கொடுத்துக் கம்பெனி வீரிய ஒட்டு நெல் வாங்கி அத்தகைய வயலில் நட்டார். பதினைந்து நாட்களுக்குள் இலை நுனி கருகி, பயிர் திட்டுத் திட்டாக மாண்டது. வித்தின்மீது குற்றமில்லை, நல்ல மண்ணும் குறையாத தண்ணீரும் உள்ள இடத்தை உத்தேசித்து உண்டாக்கப்பட்ட வித்து அது. பருவந்தோறும் புதிதாக வாங்கவேண்டிய வித்தை, விற்பனை மிகுந்த பெரும் பரப்புக்கென்றே கம்பெனிகள் தயாரிப்பது இயல்பு. நமது உவர் நிலமோ சொற்பம். வாங்கும் சக்தியும் சொற்பம்.

சர்க்கார் ஆராய்ச்சி பரவிய விதம் வேறு. புழுதி விதைப்புக்கேற்ற பரமக்குடி 3 நெல் 2003-ல் பரமக்குடியிலிருந்தே வந்தது. களர் நிலத்திற்கான திருச்சி 3, 2010-ல் திருச்சியிலிருந்து வந்தது. நமது ஜில்லாவின் வம்பன் நிலையத்து உளுந்து பல ஜில்லாக்களில் விளைகிறது. அந்தந்த மண்ணின் குறையே அங்கே ஆராய்ச்சிக்கு விஷயமாயிற்று. திருவள்ளூரை அடுத்த திரூரில் உண்டான டி.கே.எம். 6, பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக்குப் பயன்பட்டு, 1969-ல் ஐ.ஆர். 20 ஆகப் பிறந்து நம் வயல்களுக்கே திரும்பியது. டி.கே.எம். 6-க்குத் தனி உரிமையாளர் எவருமில்லாததால் அது தடையின்றிச் சென்றது என்பது என் அபிப்பிராயம்.

எனினும், களர் வேறு, உவர் வேறு. திருச்சி 3 நம் கடற்கரைக்கு முற்றும் பொருந்துமென்று எண்ணிவிடலாகாது. ஆகவே இவ்வட்டாரத்தின் உவர் வயலொன்றில் நிரந்தரமான பரீட்சைப் பாத்திகள் அமைக்க வேண்டும். இங்கு விற்க விரும்பும் கம்பெனிகளும் தங்கள் வித்தை முதலில் அப்பாத்திகளில் விளைவித்துக் காட்டட்டும். அதுவரை குடியானவர்கள் எந்தப் புது வித்தையும் ஐந்து சென்டுக்கு மேல் நடாமலும், விதைப்பையையும் ரசீதையும் அறுவடை வரை எறியாமலும் இருப்பார்களாக.