சல்லடைக் கண்ணி யாருக்காக மாறுகிறது?

"அரசியலில் மாறாதவர் யார்? போடி மக்களே ஓட்டுப் போட்டு ஏற்ற பிறகு பழசைக் கிளறுவானேன்?" என்கிறார் நண்பர். மாறியது என் புகாரே இல்லை. ஒரே செயலுக்கு ஆளுக்கேற்ற பெயர் வைத்தார்களே, அதுதான் புகார்.

2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில், போடி எம்.எல்.ஏ. ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் சொந்தக் கட்சி ஆட்சிக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர் தரப்புக்கு அது தர்மயுத்தம், மறுதரப்புக்குத் துரோகம். ஆகஸ்ட் 21 அணிகள் இணைந்தன, அவர் துணை முதல்வர். மறுநாளே அதே கட்சியின் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். வெறும் கடிதம்தான். அவர்களில் கம்பம் எம்.எல்.ஏ. ஜக்கையன் முதல்வர் பக்கம் திரும்பினார், தப்பினார். மற்ற 18 பேருக்கும் செப்டம்பரில் பதவி போயிற்று. எதிர்த்து வாக்களித்த 11 பேருக்கோ ஒரு கீறலும் இல்லை. மனசாட்சி பேசியவர்கள் கட்டுப்பாடு பேசினார்கள், கட்டுப்பாடு பேசியவர்கள் மனசாட்சிக்குத் தாவினார்கள்.

போடி குடோன்களில் ஏலக்காய் சலிப்பவர், காய் யார் தோட்டத்தது என்று கேட்டுச் சல்லடைக் கண்ணியை மாற்றினால் வியாபாரி விடுவாரா?

ஓட்டு விஷயத்துக்கு வருவோம். 2021-இல் போடியில் பன்னீர்செல்வத்தை எதிர்த்து நின்றவர் தங்க தமிழ்ச்செல்வன். அந்தப் 18 பேரில் ஒருவர், அதற்குள் தி.மு.க.வுக்கு வந்திருந்தார். சுமார் 11,000 வாக்கில் தோற்றார். இதில் போடிக்காரர்கள் எந்தக் கொள்கையை ஏற்றார்கள் என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.