உப்பு மாறினால் மருந்து புதிதாகுமா?

மருந்து விலையைக் குறைக்கச் சொல்லிப் போராடுகிறவர்கள் ஆராய்ச்சிக்கே உலை வைக்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பெழுதியிருக்கிறது. நோயாளி அமைப்புகள் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுப்பதால் கண்டுபிடிப்புகள் முடங்குகின்றனவாம். நிறுவனங்கள் ஏழைகளுக்கு இலவசமாகவே கொடுக்கும்போது கூச்சல் எதற்காம். மலிவான மருந்து என்றாலே தரம் சந்தேகம்தானாம். இத்தனைக்கும் சாட்சியாகக் கட்டுரையாளர் கூண்டில் ஏற்றியிருப்பது கிளிவெக் வழக்கை. நல்லதாகப் போயிற்று. அந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்துவிடலாம்.

கிளிவெக், சி.எம்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் வைத்த விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 10,000 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்தன. நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. எதற்கு? இமாடினிப் என்ற மூலக்கூறுக்கு அல்ல. அது 1990களின் தொடக்கத்திலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. அதன் மெசிலேட் உப்பு எடுக்கும் ஒருவகைப் படிக வடிவத்துக்கு. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு கொடுத்தது. 2006இல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி)க்கு எதிராக நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கதவை முழுதாகச் சாத்தியது.

இதைத்தான் கட்டுரையாளர் புதுமைக்கு விழுந்த அடி என்கிறார். தீர்ப்பை அவர் படித்திருந்தால் ஒரு வக்கீல் நோட்டீஸ் கண்ணில் பட்டிருக்கும். 2004இல் பிரிட்டனில் ஓர் இந்திய நிறுவனம் இந்த மருந்தை விற்கப்போனபோது, நோவார்ட்டிஸ் தன் பழைய காப்புரிமையைக் காட்டித்தான் நிறுத்தச் சொன்னது. அதாவது, மெசிலேட் உப்பும் பழைய காப்புரிமைக்குள் அடக்கம் என்பது அங்கே அதன் வாதம். இங்கே வந்தால் அதுவே புத்தம்புதிய கண்டுபிடிப்பு! ஒரே மாத்திரை லண்டனில் பழசு, சென்னையில் புதுசு. இந்த இரட்டை நாக்கைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதானால், ஒப்புக்கொள்கிறேன், அதற்கு நாம் தடையாகத்தான் இருந்திருக்கிறோம்.

புதிய படிகம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். சேரட்டும், அதனால் நோயாளிக்குக் கூடுதலாக என்ன குணம் என்பதே 3(டி) கேட்கும் கேள்வி. அதற்கான சான்று நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. தெரிந்த மருந்தின் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது, பலனும் கூட வேண்டும் என்று 2005இல் நாடாளுமன்றம் எழுதிவைத்த சட்டம் இது. உண்மையான புதுமைக்கு இதில் என்ன இடைஞ்சல்?

இனி, ஆராய்ச்சிக்கு வருவோம். இந்த நோய்க்குக் காரணமான குரோமோசோம் கோளாறு 1960இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் இந்த மருந்துக்காக நடத்திய ஆய்வுகளுக்குப் பெரும்பங்கு பணம் வந்தது அரசிடமிருந்தும் தொண்டு அமைப்பிடமிருந்தும். நோயாளிகள் எண்ணிக்கை குறைவு, லாபம் வருமா என்ற தயக்கம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. சோதனைக்குப் போதிய மருந்து தயாராகாதபோது, 1999இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு நிறுவனத்தின் தலைமைக்கு மனு அனுப்பினார்கள். முன்னின்று திரட்டியவர் மொன்றியாலைச் சேர்ந்த ஒரு நோயாளி. மனுப்போடுகிறவர்கள் மருந்தைக் கொல்கிறார்கள் என்று எழுதுகிறவருக்கு, அந்த மருந்தை விரைவுபடுத்தியதிலேயே ஒரு மனு இருக்கிறது என்பது தெரியாது.

விலையையும் பாருங்கள். அமெரிக்காவில் 2001இல் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். 2012இல் சுமார் 92,000 டாலர். செய்து முடித்த ஆராய்ச்சிக்கு வயது ஏற ஏறச் செலவும் மூன்று மடங்காகுமா? 2013இல் இந்த நோயின் வல்லுநர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ‘பிளட்’ மருத்துவ இதழில் இந்த விலையேற்றத்தைக் கண்டித்துக் கூட்டாக எழுதினார்கள். அவர்களும் ஆராய்ச்சியின் எதிரிகள்தானா?

இலவசம் பற்றிய வாதம் இன்னும் விநோதமானது. ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு நோவார்ட்டிஸ் இலவசமாக மருந்து கொடுத்தது உண்மை. ஆனால் அது கொடுப்பவரின் விருப்பம். வரம்பும் நிபந்தனையும் அவர் கையில். விலை குறைவாக இருந்தால் நோயாளி எவர் தயவுக்கும் காத்திருக்க வேண்டாம். அதோடு, வருகிறவருக்கெல்லாம் சும்மா கொடுப்பதுதான் நோக்கம் என்றால், காப்புரிமைக்காகப் பதினைந்து ஆண்டுகள் உச்ச நீதிமன்றம் வரை ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

தரம் பற்றிச் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றது. மன்னிக்கவே முடியாத குற்றம் அது. ஆனால் அந்த மருந்தில் காப்புரிமைச் சண்டை எதுவும் கிடையாது. கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை. அதற்குத் தீர்வு ஆய்வாளர்களும் ஆய்வகங்களும். விலையைப் பன்னிரண்டு மடங்காக்குவது அல்ல.

கட்டுரையாளர் சாமர்த்தியமாகத் தொடாமல் விட்ட வழக்கு ஒன்று உண்டு. மருந்துக்கு மசியாத காசநோய்க்கான பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்டு ஜான்சன் கேட்டது. அங்கேயும் ஓர் உப்பு வடிவம்தான். 2019இல் அதை எதிர்த்தவர்களில் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமெசா டிசிலேயும் இருந்தார்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலையில் மூலக் காப்புரிமை முடிந்தது. போட்டி வந்ததும், பன்னாட்டுக் கொள்முதலில் ஆறு மாதச் சிகிச்சைக்கு 270 டாலருக்கு மேல் வாங்கிய அதே நிறுவனம் 130 டாலருக்கு இறங்கி வந்தது. ஆராய்ச்சிச் செலவு ஒரே மாதத்தில் பாதியாகிவிட்டதோ?

இப்படிப்பட்ட மனுக்களுக்கு இடம் கொடுப்பது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(1). காப்புரிமை வழங்கும் முன் எவரும் எதிர்க்கலாம் என்கிறது அது. 2024இல் வந்த விதித்திருத்தம் இதற்குக் கட்டணம் வைத்தது. மனு ஏற்கத்தக்கதா என்று முதலிலேயே வடிகட்டும் அதிகாரத்தையும் அலுவலகத்துக்குக் கொடுத்தது. கட்டுரையாளருக்கு இதுவும் போதவில்லை, வாசலையே அடைக்கச் சொல்கிறார். வாசகர்கள் தங்கள் தொகுதி மக்களவை உறுப்பினரிடம் நேர்மாறாகக் கேட்க வேண்டும்: நோயாளிகளும் அவர்களின் அமைப்புகளும் கொடுக்கும் மனுவுக்குக் கட்டணம் கூடாது.