எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா?

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது. கோமதி அம்மனின் தபசுக் காட்சியைக் காண ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வாடகை வேன் பிடித்து, பாட்டி முதல் பேரன் வரை ஏறிக்கொண்டு, புளியோதரைத் தூக்கோடு வருகிறவர்கள் பலர்.

வேன் புறப்படும் முன் சூடம் காட்டுகிறார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். பழத்துக்கு என்ன பஞ்சம்? பக்கத்துப் புளியங்குடி, எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே!

நல்ல வழக்கம்தான். ஆனால், சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தவர்கள், சக்கரத்துக்கு உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்களா?

சுமப்பது காற்றே!

1888-ம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், காற்று அடைத்த டயருக்கு உரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவே அதை முதலில் செய்தார். அன்று முதல் இன்று வரை வண்டியின் பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல. உள்ளே இருக்கும் காற்றுதான்.

"வெயில் காலம்; காற்றைக் குறைத்து அடி. இல்லாவிட்டால் டயர் வெடித்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. காற்று குறைந்தால் டயரின் பக்கங்கள் ஓயாமல் மடங்கி நிமிரும். அதனால் சூடு ஏறும். பாரமும் வேகமும் சேர்ந்தால் டயர் வெடிக்கும். அளவுக்கு மேல் அடிப்பதும் ஆபத்து. ரோட்டில் பிடிப்பு குறையும்.

ஐந்து நிமிட வேலை

எவ்வளவு காற்று வேண்டும்? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலான வண்டிகளில் அந்த அளவு ஒட்டப்பட்டிருக்கும். முழுப் பாரத்துக்கு உரிய அளவைப் பார்க்க வேண்டும். டயரின் மேல் அச்சடித்திருப்பது, தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை அடிக்கக் கூடாது.

வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய டயரில் அளவு கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது.

பெட்ரோல் பங்கில் காற்றுக்குக் காசு இல்லை. பிறகு ஏன் தயக்கம்? "காற்று பார்த்தாயா, தம்பி?" என்று டிரைவரிடம் கேட்பது அவமரியாதை ஆகாது. வாடகை கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. அளவுக்கு மேல் ஆள் ஏற்றாமல் இருப்பது அவரது கடமை.

திரும்பும்போது இரவாகிவிடும். பிள்ளைகள் மடியில் தூங்கிக்கொண்டு வரும். எலுமிச்சம்பழத்தை வையுங்கள், அதற்கு முன் காற்றைப் பாருங்கள்!