தங்கத்தின் மேல் பெயிண்ட் வேண்டாம்
ராயபுரத்து உப்புக்காற்றில் பழைய எண்ணெய் ஓவியத்தைக் காப்பது எளிதல்ல. நம் அவசரம் அதை இன்னும் கெடுக்கிறது. தாத்தாவின் முகம் மங்குவதற்குப் பெரும்பாலும் மஞ்சளித்த வார்னிஷும் படிந்த அழுக்குமே காரணம். ஈரத்துணியால் தேய்த்தால் நிறமே பெயரலாம். சட்டத்தில் மின்னும் தங்க ரேக்கு, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த பூச்சின்மேல் ஒட்டியது. தண்ணீர் பட்டால் அந்தப் பூச்சு இளகிவிடும். அசல் தங்கம் கறுக்காது. அதன்மேல் அடிக்கும் 'தங்க' பெயிண்டில் பெரும்பாலும் பித்தளைத் தூள்தான். கடற்கரை ஈரத்தில் அது சீக்கிரமே கறுத்துவிடும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. அதன் வல்லுநர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வடசென்னையில் முகாமிட்டு ஆலோசனை சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்து கவர்னர்களின் ஓவியங்களுக்குக் கிடைக்கும் அக்கறை, துறைமுகத்தில் உழைத்த குடும்பங்களின் முன்னோர் படங்களுக்கும் உரியது.