எம்மாவின் முப்பதாயிரம் பவுண்டு

ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. அதன் நாயகியை, வேலைவெட்டி இல்லாமல் ஊராருக்கு வரன் பார்த்துத் திரியும் செல்லப் பெண் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்கென்று 30,000 பவுண்டு இருக்கிறது. அந்தத் தெம்பில்தான் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். ஆனால் அவளுக்கிருக்கும் புத்தியைக் கொண்டுபோய்ச் செலுத்த இடமில்லை. பல்கலைக்கழகம், நாடாளுமன்றம், நீதிமன்றம் எதுவும் அன்றைய இங்கிலாந்தில் பெண்ணுக்குக் கதவு திறக்கவில்லை. அடுத்தவர் வாழ்க்கையில் கைவைப்பதுதான் மிச்சம். அதே ஊரில் வந்து தங்கும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸைப் பாருங்கள். பியானோவில் எம்மாவை விஞ்சியவள். தாய் தகப்பன் இல்லை, காசும் இல்லை. பணக்கார வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உத்தியோகம்தான் அவளுக்குக் கதி. அதற்கு ஆள் சேர்க்கும் இடங்களைப் பற்றிப் பேசும்போது, அடிமை வியாபாரத்தோடு அதை ஒப்பிட்டுவிடுகிறாள். பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தது 1807-இல்தான். அன்றைய வாசகருக்கு அது பழங்கதையல்ல. நாவலில் என்னை மிகவும் உலுக்கும் இடம் இது. அவ்வளவு திறமையும் அவளைக் காப்பாற்றவில்லை. அவளை ரகசியமாக நிச்சயித்திருப்பவன் ஃபிராங்க் சர்ச்சில். அவனை வளர்த்த பணக்கார மாமி செத்த பிறகே, அவளை அவனால் ஊரறிய மணக்க முடிகிறது. இதைச் சுபமுடிவு என்று என்னால் வாசிக்க முடியவில்லை.